வெறும் குழாயின் நிறை

“வெறும் குழாயை நிறுத்தீர்களா?”

யதுசாவோடு வேலை செய்தவர்களுக்கு அவளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது இந்தக் கேள்விதான். ஹனோவரில் அவள் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில், அவளுடைய முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, இந்தக் கேள்வியையே ஜெர்மனில் அச்சடித்து ஒரு காப்பிக் கோப்பை பரிசளித்தார்கள். கேலிதான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கி, அன்றைக்கே அதில் காப்பி ஊற்றிக் குடித்தாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பனியை ஒழுங்காக நிறுத்தால் சரி என்பது அவள் கட்சி.

பனியை நிறுப்பது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. தோள் உயரத்துக்கு ஓர் அலுமினியக் குழாய். அதன் வாயில் ரம்பம் போன்ற பல். அதைப் பனிக்குள் தரை தட்டும்வரை குத்தி இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு சேர்த்துத் தூக்கி, தராசில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். வந்த எண்ணிலிருந்து வெறும் குழாயின் நிறையைக் கழித்தால், அந்த இடத்துப் பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வசந்தத்தில் ஆறு பெருகுமா, அணை நிரம்புமா என்ற கணக்கெல்லாம் இந்தக் கழித்தலிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே ஒரு தொல்லை உண்டு. ஈரப்பனி குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தட்டினாலும் முழுதாக உதிராது. அதனால் ஒவ்வொரு முறையும் பனியைக் கொட்டிய பிறகு வெறும் குழாயை மறுபடி நிறுக்க வேண்டும். விரல் விறைத்து, மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற நேரத்தில் இதைப் போல உபத்திரவம் வேறில்லை. எத்தனை பேர் ஒழுங்காகச் செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதனால்தான் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை அது. அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு அவளுக்கு மாதிரி விரிவுரை. ஐந்து பேர் கொண்ட குழு அதைக் கேட்டுவிட்டு, நிரந்தர வேலை கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும். ஜெர்மனியில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரைத் தற்காலிக ஒப்பந்தத்தில் இத்தனை வருடம்தான் வைத்திருக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் வருடக்கணக்காக ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவி வந்தவர்களை அது ஒருநாள் வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே வா அல்லது வெளியே போ என்கிறது. யதுசா பதினொரு ஒப்பந்தம் பார்த்தவள். பன்னிரண்டாவது மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. முப்பத்தேழு வயதில் அவளுக்குப் பனியைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்தப் பனியும் வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தது.

குழுவின் தலைவர் பேராசிரியர் ஹார்ட்விக். தெற்கே ஒரு மலை நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக ஒரு வாரம்கூட விடாமல் பனியை நிறுத்து வருகிறவர். அவருடைய அளவுகளைப் படித்துத்தான் யதுசா இந்தத் துறைக்கே வந்தாள். அப்படிப்பட்டவர் அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “ஓ, அந்தப் பதினொன்று!” என்று சொன்னாராம். அவள் காதுக்கு அது வந்தபோது இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

பதினொன்று என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. முனைவர் பட்டத்துக்காக ஹார்ட்ஸ் மலையில் இரண்டு குளிர்காலம் தன்னந்தனியாக அலைந்து அளந்து எழுதிய கட்டுரை. ஒரே ஆழத்துப் பனியாக இருந்தாலும், திறந்த சரிவில் கிடப்பதைவிட, காட்டுக்கு நடுவே மரமில்லாத திட்டில் கிடப்பதில் பதினொரு சதவீதம் அதிகமாகத் தண்ணீர் இருக்கிறது என்று அவள் காட்டியிருந்தாள். நாலு நாட்டில் அதை எடுத்தாண்டார்கள். அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தால் அது இந்த எண்தான்.

அன்று மத்தியானம் கௌஷிக் அவள் அறைக் கதவைத் தட்டினான். ஈரோட்டுப் பையன், அவளுக்குக் கீழே முனைவர் பட்டம் செய்கிறவன், கோடையில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டியவன். விரிவுரையின் முதல் படமாகப் போட, பழைய மலைக் குறிப்பேட்டிலிருந்து அழகான ஒரு பக்கத்தைப் படமெடுத்துத் தரச் சொல்லியிருந்தாள்.

“அக்கா, செம நீட்டா இருக்கு உங்க நோட்டு,” என்றான். அவன் குரலில் ஒரு துளி கபடம் இல்லை. “வெறும் குழாய் வரிசையைப் பாருங்களேன். நாப்பது ரீடிங்கும் ஒரே நம்பர். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது கிராம். எங்களுக்கெல்லாம் ஒருநாளும் இப்படி வந்ததில்ல. எப்படிக்கா தட்டுவீங்க?”

யதுசா குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே 1840, 1840, 1840. பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த நாளும் 1840. அடுத்த மாதமும் 1840. அடுத்த குளிர்காலமும் அதேதான்.

“வைச்சிட்டுப் போங்கோ கௌஷிக். பிறகு கதைப்பம்,” என்றாள்.

அவன் போன பிறகும் அவளுக்கு உடனே எதுவும் ஞாபகம் வரவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. இருபத்தைந்து வயது. கையுறையைக் கழற்றினால்தான் தராசின் கொக்கியை மாட்ட முடியும். ஒரு நாளைக்கு நாற்பது இடம். காலையில் ஒரு தடவை வெறும் குழாயை நிறுத்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்த நிரலை மேலிருந்து கீழே எழுதி முடிப்பாள். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை. குழாய் குழாய்தானே, அதன் நிறை எங்கே போகப்போகிறது? இரண்டு வருடம் கழித்து வேறொரு மலையில் யாரோ விதியை எடுத்துச் சொன்னபோது வெட்கப்பட்டுப் போய், புதிதாக மதம் மாறியவரின் பக்தியோடு அதைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் உபதேசித்தாள். பழைய குறிப்பேட்டைத் திறந்து பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவேயில்லை.

இதில் இன்னும் மோசமான ஒன்று இருந்தது. காலையில் எப்போதும் திறந்த சரிவு, பிற்பகலில் எப்போதும் காட்டுத் திட்டு. பஸ் நிற்கிற இடத்தை வைத்து அவள் போட்ட வழி அது. திறந்த சரிவின் வெயிலில் குழாய் சூடாகிப் பனி வழுக்கிவிடும்; ஒட்டியிருந்தால் காட்டு நிழலில், பிற்பகலில்தான் ஒட்டியிருக்கும். அப்படியானால் அவள் கண்டுபிடித்த அதிகத் தண்ணீர் காட்டுப் பனியில் இருந்ததா, குழாயில் இருந்ததா?

சனிக்கிழமை அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். கணினியைத் திறந்தாள், மூடினாள். பதினொரு மணிக்கு, படித்த பெண் செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தாள். குளிர்பெட்டியின் உறைகலத்தில் படிந்திருந்த பனியைக் கத்தியால் சுரண்டி, எவர்சில்வர் டம்ளரில் அடைத்து, கொட்டி, தட்டி, வெறும் டம்ளரைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தாள். நான்கு கிராம் கூடியிருந்தது. மறுபடி செய்தாள். ஏழு கிராம். அதனால் என்ன? டம்ளர் வேறு, குழாய் வேறு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று முதல் வருட மாணவனுக்கே தெரியும். என்றாலும் உறைகலம் சுத்தமாகும்வரை சுரண்டினாள்.

கையெல்லாம் ஈரமாக இருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அம்மா இராஜேஸ்வரி ஹம் நகரில் இருக்கிறாள். முப்பது வருடம் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகிறவள்.

“பிள்ளை, வியாழக்கிழமைக்கு அம்மாளுக்கு அருச்சனை சொல்லிப்போட்டன். எத்தினை மணிக்கு உன்ரை டெர்மின்?”

“பத்து மணிக்கு.”

“அப்ப பூசை நேரத்துக்கு முடிஞ்சிடும். நேற்றுக் கோயிலிலை எல்லாரும் கேட்டவை. மகளுக்கு யூனிவெர்சிட்டியிலை நிரந்தரமாக்கிட்டினம் எண்டு சொன்னன்.”

“அம்மா! இன்னும் ஒண்டும் முடியேல்லை. ஏன் இப்பவே சொல்லுறியள்?”

“முடியும். உன்னைவிட்டால் இந்த ஸ்னோவை நிறுக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? உன்னோடை படிச்ச பிரபாலினியின்ரை தாய்க்கு முகம் சுருங்கிப்போச்சு.” அம்மா சிரித்தாள். “பன்னிரண்டு வருஷமா எனக்கும் இதுதான் யோசினை பிள்ளை. இனி நிம்மதியா நித்திரை கொள்ளுவன்.”

யதுசா ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அம்மாவின் மீது கோபம் வந்தது. கோபப்படக் காரணமில்லை என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்தாள். ஏரியைச் சுற்றி இரண்டு முறை. பேசாமல் இருந்துவிடலாம். யார் பழைய குறிப்பேட்டைக் கேட்கப் போகிறார்கள்? முதல் படத்தில் வேறொரு பக்கத்தைப் போட்டால் முடிந்தது. வெறும் குழாயைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான், மற்ற எவரும் கேட்பதில்லை. இப்படி நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. ஒருவேளை எண் சரியாகவே இருக்கலாமே? குழாயில் பத்து கிராம் ஒட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது. நூறு, நூற்றைம்பது ஒட்டினால்தான் ஆபத்து. தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே குழாயை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்ட ஒரு நாளில், அதே வழியில் நடந்து பார்ப்பது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பனி எங்கே? ஹார்ட்ஸில் உச்சிப் பகுதியில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் வானிலை முன்னறிவிப்பை எட்டு முறை பார்த்தாள். செவ்வாய் பூச்சியம் பாகை. புதன் எட்டுப் பாகை, நாள் முழுக்க மழை. செவ்வாயை விட்டால் இந்த வருடம் இல்லை.

மலைக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது இப்போது கூடத்தின் விதி. கௌஷிக்கைக் கூப்பிட்டாள். குழாயைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரப் பயணம், அவன்தான் ஓட்டினான். வண்டியை நிறுத்தியதும், இஞ்சினை அணைத்ததும், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அக்கா, அந்த நாப்பது ரீடிங் நீங்க எடுக்கலதானே?”

அவனும் சனி ஞாயிறு தூங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

“இல்லை. எடுக்கேல்லை,” என்றாள். “ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் நிறுத்தனான். மிச்சம் எல்லாம் எழுதினது.”

“என் தீசிஸ்ல செகண்ட் சாப்டரே உங்க பதினொண்ணுதான்.”

“தெரியும்.”

“அது போச்சுன்னா இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஸ்காலர்ஷிப் ஆகஸ்ட்ல முடியுது. அதுக்கப்புறம் விசா?” அவன் குரல் உயர்ந்தது. “யாருக்குமே தெரியாதுக்கா. நான்தான் பார்த்தேன். நான் சொல்ல மாட்டேன். அப்புறம் எதுக்கு இங்க வந்திருக்கோம்?”

“எனக்குத் தெரிய வேணும் கௌஷிக்,” என்றாள். “சரியா இருந்தால் ரெண்டு பேரும் சந்தோஷமாப் போவம். இறங்குங்கோ.”

சரிவில் பாதிக்குப் புல் தெரிந்தது. பனி இருக்கிற இடமாகப் பார்த்து இருபது புள்ளி எடுத்தார்கள். வெயில் இருந்தது. குழாய் சூடேறி, பனி வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவளே வெறும் குழாயைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். 1840. 1845. 1840. 1850. காலை நேரம் காப்பாற்றியது. இனி எல்லாம் பிற்பகலில் இருக்கிறது.

காட்டுத் திட்டுக்குப் போனபோது அவள் ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். காடே இல்லை. பட்டை வண்டு தின்று செத்த மரங்களை வெட்டி அகற்றிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்தான், செய்தியில் பார்த்ததுதான். என்றாலும் நேரில் பார்க்கும்போது வேறாக இருந்தது. சாம்பல் நிறத்தில் நாலைந்து மொட்டை மரம், மீதியெல்லாம் அடிக்கட்டை. பழைய அளவு பிழை என்றால் அதைத் திரும்ப எடுக்க உலகத்தில் இனி இந்த இடம் இல்லை. மேட்டின் நிழலில் மட்டும் முழங்கால்வரை பனி கிடந்தது.

“என் விரல் நல்லா இருக்கு. இனி நான் தராசைப் பாக்கறேன். நீங்க எழுதுங்க,” என்றான் கௌஷிக்.

அவன் நிறுத்தான். அவள் எழுதினாள். “வெறும் குழாய்?” என்று அவள் கேட்க, “ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தஞ்சு” என்று அவன் சொன்னான். அடுத்தது நாற்பது. அடுத்தது ஐம்பது. மறுபடி நாற்பத்தைந்து. ஐந்தாவது எண்ணில் அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. ஏழாவதில் சிரித்துவிட்டாள். பத்தாவதில், இருபத்தைந்து வயதில் தான் செய்தது சோம்பேறித்தனம்தான், பாவமில்லை என்று முடிவு கட்டினாள். அம்மாவுக்கு இப்போதே போன் போட்டு, அருச்சனையோடு மோதகமும் செய்யச் சொல்லலாம் போலிருந்தது.

“தாங்கோ, கடைசிப் பத்தை நான் குத்துறன். எனக்குச் சந்தோஷமாக் கிடக்கு,” என்று குழாயை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

வாங்கியதும் கை சொல்லிவிட்டது. காலையில் தூக்கிய குழாய் இல்லை இது. அவள் அதை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். மறுமுனையில் முழு வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் சுருங்கிக் கிடந்தது. உட்சுவர் முழுக்க வெள்ளையாக ஒரு பூச்சு, நகத்தின் கனத்துக்கு. அவள் குழாயைத் தராசில் மாட்டினாள்.

1970.

கௌஷிக் அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். “முதல் ரீடிங்லயே எண்பது கிராம் ஏறிடுச்சு,” என்றான். “உங்களுக்காகத்தான் சொன்னேன்க்கா.” “எனக்காகவும்தான்,” என்று சேர்த்துக்கொண்டான்.

அவளுக்கு அவனை ஒரு அறை விடலாம் போல வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. ஏனென்றால் குறிப்பேட்டில் பத்து எண்கள் இருந்தன, அவளுடைய கையெழுத்தில், அழகாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. எவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது! யாரும் தராசைத் திருத்தவில்லை. ஒருவர் சொன்னார், ஒருவர் விரும்பிக் கேட்டார், அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்விக்கு, அவள் கேட்க ஆசைப்பட்ட பதில் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரின் வேலையையும் அவள் ஒருத்தியே செய்திருந்தாள்.

பத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அதே பத்து இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி குத்தினார்கள். இந்த முறை அவன் தராசைப் பிடித்தான், அவள் படித்தாள். 1965. 1970. 1980. 1970. மேகம் திரண்டு வந்தது, மீதிப் பத்து இடத்துக்கு நேரம் இருக்கவில்லை. கடைசி எண்ணை எழுதும்போது மழையின் முதல் துளிகள் தாளில் விழுந்தன. வண்டிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அந்தக் காலத்தில் அவள் எடுத்த பனி, ஒரு குழாய்க்குச் சராசரி ஆயிரத்து இருநூறு கிராம். ஒட்டியது நூற்றுமுப்பது. பத்துப் புள்ளி எட்டு சதவீதம். அவளுடைய பதினொன்று அங்கே, குழாயின் உட்சுவரில் இருந்தது.

“உங்கட பெயர் இதிலை வராது,” என்றாள். “நீங்கள் சொன்ன பத்தை நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். ஆனால் அந்த ரெண்டாம் அதிகாரத்தை மாத்துங்கோ. பதினொண்டை விட்டிட்டு, குழாய் எவ்வளவு பிடிக்குது எண்டு எழுதுங்கோ. இண்டைக்கு எடுத்ததெல்லாம் உங்களுக்குத்தான்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

வியாழக்கிழமை அவள் முதல் படமாகப் போட்டது அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தைத்தான். நாற்பது 1840. அதன் பக்கத்தில் செவ்வாய்க்கிழமையின் எண்கள். நாற்பது நிமிடம் பேச வேண்டியவள் பதினைந்தில் முடித்துவிட்டாள். கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகவும் சொன்னாள்.

குழுவில் இளையவரான ஒரு பெண் கேட்டாள்: “அப்படியானால் உங்கள் பதினொன்றில் எவ்வளவு மிச்சம்?”

“ஏறக்குறைய ஒன்றுமில்லை,” என்றாள் யதுசா.

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஹார்ட்விக் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அவள் முகத்தை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அருவருப்பு போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது அவளுக்கு மிகவும் வலித்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நேர்மையைப் பெரிதும் மதிப்பதாகவும், வருந்துவதாகவும், வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் போனில் சொன்னாள்.

“உன்னை ஆரும் கேட்டவையோ?” என்றாள் அம்மா.

“இல்லை அம்மா.”

“கேக்காததை ஏன் போய்ச் சொன்னனீ? வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே. நான் இனி எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது?” அம்மா அழுதாள். அதற்குப் பிறகு நான்கு நாள் கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு, சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டாள். யதுசாவுக்கு அது போதவில்லை. ஆனால் சாப்பிட்டேன் என்று சொன்னாள்.

மார்ச் முப்பத்தொன்று. மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்துவிட்டாள். புத்தகங்கள் ஒரு பெட்டியில். குழாய் கௌஷிக்கிடம். காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்து, குப்பைத் தொட்டிக்குள் வைத்தாள். வெளியே வெயில் கொளுத்தியது, மலையில் ஒரு கைப்பிடி பனிகூட மிச்சமில்லை. நாளைக்கு எங்கே போவது என்று தெரியாமல், சாவியைக் கொடுக்கவும் மனம் வராமல், அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹார்ட்விக்கிடமிருந்து.

கடிதத்தோடு ஒரு படம் இருந்தது. மலை நிலையத்துக் குறிப்பேட்டின் ஒரு பக்கம், 1998 ஜனவரி. வெறும் குழாய் என்று தலைப்பிட்ட நிரலில் மேலிருந்து கீழே ஒரே எண். இன்னொரு படம், 2009. அதிலும் அதே எண். இன்னொன்று, போன வருடம். அதே எண்.

கீழே நான்கு வரி எழுதியிருந்தார். “முப்பத்தொரு வருடமும் இப்படித்தான் இருக்கிறது. இதில் எவ்வளவைக் காப்பாற்ற முடியும் என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்களைத் தெரிவு செய்யாததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது நமக்குள் இருக்கட்டும்.”

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று அந்த மனிதர் நிமிராததற்குக் காரணம் அருவருப்பு இல்லை! சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதுமே. கோபம் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோதே அவள் கண் அந்தப் பக்கத்தின் மற்றொரு நிரலுக்குப் போயிருந்தது. காற்றின் வெப்பநிலை. வெப்பநிலை இருந்தால், எந்த நாளில் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடுங்குளிர் நாட்களைக் காப்பாற்றலாம். மூன்றில் இரண்டு பங்கு தேறக்கூடும். சனியன் பிடித்த மூளை, வேலை போன பிறகும் வேலை செய்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து பதில் எழுதினாள். வணக்கம் வாழ்த்து எதுவும் இல்லை. ஒரே கேள்வி.

“வெறும் குழாயை எப்போதாவது நிறுத்தீர்களா?”

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. “இல்லை. ஒரு நாளும் இல்லை.”

அவள் குப்பைத் தொட்டியிலிருந்து கோப்பையை எடுத்துக் கழுவினாள். பழைய செய்தித்தாளில் சுற்றி, சின்னப் பெட்டி ஒன்றில் வைத்து, மேலே ஹார்ட்விக்கின் பெயரையும் மலை நிலையத்தின் முகவரியையும் எழுதினாள். உள்ளே ஒரு சீட்டு வைத்தாள். “காப்பாற்றலாம். நானே செய்து தருகிறேன். முதலில் இந்த மூன்று பக்கத்தையும் குழுவில் இருந்த மற்ற நால்வருக்கும் காட்டுங்கள். நான் காட்டியதைப் போல, எழுந்து நின்று.”

தபால் நிலையத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். சாவியை மேசையில் வைத்துவிட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.